பொன்னிற மருந்து தந்த சுப்பாராவ்

நுழையும்முன்

நோய் தீர்க்கும் மருந்து ஒன்றைக் கண்டறிவது அரிய செயல். கண்டறிந்த மருந்தின் ஆற்றல் குன்றாமல் காப்பது அதனினும் அரிய செயல். முதற்செயலைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட இந்திய அறிவியலறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. இரண்டாம் செயல் இன்று நம் கையில் இருக்கிறது. அது ஏன் என்பதையும் இப்பாடத்தின் பிற்பகுதியில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

யெல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. குடும்பம் பெரியது, வருவாயோ சிறியது. சிறுவன் சுப்பாராவுக்குப் பள்ளிப் பாடங்களில் மனம் ஊன்றவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் செல்வம் சேர்க்கலாம் என்று எண்ணி வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தாயார் அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

நெருங்கிய உறவினரின் இறப்பும் வறுமையும் அவருடைய கல்வியைப் பலமுறை தடுத்தன. பள்ளி இறுதித் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து படித்து, மூன்றாம் முறை வெற்றி பெற்றார். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த அவருக்குத் தமிழ் வழங்கும் சென்னை நகரமே கல்விக்கூடமாயிற்று. தாய்மொழி ஒன்றும் வாழும் ஊரின் மொழி வேறொன்றுமாக வளரும் உங்களுக்கு அந்நிலை புதிதன்று.

மருத்துவக் கல்வி

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த சுப்பாராவ் துறவு பூண விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் கற்றால் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்னும் அறிவுரையை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் படிப்புச் செலவுக்கு உதவினர்.

அது விடுதலைப் போராட்டம் வளர்ந்துவந்த காலம். அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்புக்கும் சுப்பாராவ் கதர் உடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிலும் இடம் கிட்டவில்லை. ஆகவே சென்னையில் மருத்துவர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவர் குடும்பத்தைப் பெருந்துயரம் ஒன்று தாக்கியது. வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் ஸ்புரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தோரைக் கொண்டுசென்றது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், உடல் மெலிந்து, இரத்தம் குன்றச் செய்யும் நோய் அது. மருத்துவம் கற்றிருந்தும் தம்மவரைக் காக்க இயலவில்லையே என்னும் வேதனை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கடல் கடந்த பயணம்

நோய்களின் மூலத்தை ஆராய வேண்டும் என்னும் வேட்கையுடன் 1922ஆம் ஆண்டு சுப்பாராவ் அமெரிக்காவுக்குப் பயணமானார். காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பொருளுதவி செய்தனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார் என்று மனைவி சேஷகிரி ஊரில் காத்திருந்தார். அவர் திரும்பவே இல்லை. அறிவியலுக்காக அவர் கொடுத்த விலையில் அவ்வம்மையாரின் காத்திருப்பும் அடங்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து சுப்பாராவ் உயிர்வேதியியலில் ஆய்வு செய்தார். உடல் நீர்மங்களில் பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் எளிய முறை ஒன்றை இருவரும் 1925ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை என வழங்கும் அம்முறை உலகெங்கும் ஆய்வகங்களில் இடம்பெற்றது. பின்னர், தசைகள் இயங்குவதற்கான ஆற்றல் தொடர்பான பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்களையும் அவர்கள் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஏ.டி.பி.யைப் பற்றிப் படிக்கின்றனர். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை.

உயிர் காத்த கண்டுபிடிப்புகள்

1940ஆம் ஆண்டு சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். அங்கே அவருடைய குழுவினர் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கினர்.

ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை ஆய்வகத்தில் செய்யும் முறையை 1945ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரத்தக் குறைவுக்கு அது மருந்தாயிற்று. அதைப் போன்ற அமைப்புடையதாய், ஆனால் அதன் செயலைத் தடுப்பதாய் அமைந்த பொருள்களையும் உருவாக்கினர். அவை குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முறையாகத் தணித்தன. அவற்றுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் 1947ஆம் ஆண்டு அக்குழுவினரால் வெளிவந்தது. இந்தியாவில் அந்நோய் பரவியுள்ள மாவட்டங்களில் நலவாழ்வுப் பணியாளர்கள் வீடுவீடாக வழங்கும் மாத்திரை அதுவே.

பொன்னிற மருந்து

அந்நாளில் பெனிசிலின் என்னும் மருந்து புகழ்பெற்றிருந்தது. ஆனால் எல்லா வகைப் பாக்டீரியாக்களையும் அதனால் வெல்ல இயலவில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தம்முள் போட்டியிடும்போது சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் புதிய மருந்து கிடைக்கலாம் எனக் கருதிப் பல இடங்களிலிருந்தும் மண் மாதிரிகள் தருவிக்கப்பட்டன. பணியோய்வு பெற்ற பின் ஆய்வகத்தில் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் அம்மண்ணை ஆராய்ந்தார். எழுபது வயதைக் கடந்த அவர், மிசௌரிப் பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அது சுரந்த பொருளுக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

டெட்ராசைக்ளின் என்னும் மருந்தினத்தில் முதலில் தோன்றியது ஆரியோமைசினே. பல வகைப் பாக்டீரியாக்களை அடக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1948ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த திங்களிலேயே சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு 53 வயது.

அவர் உடன்பிறந்தோரைக் கொண்டுசென்ற ஸ்புரூ நோய்க்கு இன்று மருத்துவர்கள் தரும் மருந்துகள் இரண்டு: ஒன்று ஃபோலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின். இரண்டின் வரலாறும் சுப்பாராவின் ஆய்வகத்தோடு பிணைந்தது. 1994ஆம் ஆண்டு குஜராத்தின் சூரத்து நகரில் பிளேக் நோய் அச்சம் எழுந்தபோது மக்களுக்கு வழங்கப்பட்டதும் டெட்ராசைக்ளினே.

கோழித் தீவனத்தில் மருந்து

மருந்தின் வரலாறு அதைத் தந்தவரின் மறைவோடு முடியவில்லை. ஆரியோமைசினை வடித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையில் உயிர்ச்சத்து இருக்கலாம் என்று கருதி, அவ்வாய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ் 1948ஆம் ஆண்டின் இறுதியில் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனமாக இட்டார். அக்குஞ்சுகள் மற்றவற்றைவிட விரைவாக வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. 1950ஆம் ஆண்டு அச்செய்தி வெளியானதும், நோயற்ற கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. இறைச்சி மலிந்தது, பண்ணையாளர் மகிழ்ந்தனர். ஆனால் ஒரு கேடும் உடன் வளர்ந்தது.

மருந்துக்கு அஞ்சாத நுண்ணுயிர்கள்

வயலில் அரைகுறையாகக் களை பறித்தால் என்ன நிகழும்? மேலோட்டமாக வேர்விட்ட களைகள் போகும். ஆழ வேரூன்றிய களைகள் எஞ்சும். போட்டியின்றி அவையே வயல் முழுவதும் பரவும். சிறிதளவு மருந்தும் அவ்வாறே செய்கிறது. எளிதில் மடியும் பாக்டீரியாக்கள் மடிகின்றன. மருந்தைத் தாங்கும் சில பிழைத்துப் பெருகுகின்றன. இதனையே மருந்தெதிர்ப்பு என்கிறோம். இங்கு மருந்தை எதிர்க்கப் பழகுவது நம் உடல் அன்று; பாக்டீரியாவே.

மேலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மருந்தை எதிர்க்கும் திறனைப் பாக்டீரியாக்கள் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டும் கொடுப்பதில்லை. வகுப்பில் ஒருவர் தம் குறிப்பேட்டை மற்றொருவருக்குக் கொடுத்துப் படியெடுக்கச் செய்வதுபோல, அருகில் உள்ள வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுக்கின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையமே அக்குறிப்பேடு. சீதபேதிக் கிருமியும் குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாவும் இவ்வாறு திறனைப் பரிமாறிக்கொள்வதை ஜப்பானிய அறிஞர்கள் 1959ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்னும் மருத்துவ அறிஞர் பண்ணை ஒன்றில் ஆய்வு நடத்தி, 1976ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டார். கோழிக்குஞ்சுகளின் ஒரு பகுதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் இன மருந்து கலந்த தீவனம் தரப்பட்டது. ஒரு வாரத்திற்குள் அக்குஞ்சுகளின் குடலில் இருந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மருந்தெதிர்ப்பு உடையவை ஆயின. ஐந்தாறு திங்களில், அம்மருந்தை உண்ணாத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய பாக்டீரியாக்கள் பெருகின. மருந்துத் தீவனம் நிறுத்தப்பட்டு ஆறு திங்கள் கழிந்தபின் சோதித்தபோது, அவர்களுள் பெரும்பாலோரிடம் அவை காணப்படவில்லை. கேட்டின் வழியையும் மீட்சியின் வழியையும் அவ்வாய்வு ஒருங்கே காட்டியது.

பறவைகள் சுமந்த செய்தி

பண்ணையின் வேலிக்குள் பாக்டீரியா அடங்கி நிற்பதில்லை. கோழி எச்சம் எருவாக வயலுக்குச் செல்கிறது. மழைநீர் அதை ஓடைக்கும் ஏரிக்கும் இழுத்துச் செல்கிறது. மருத்துவமனைக் கழிவும் வீட்டுக் கழிவும் ஆற்றில் கலக்கின்றன. அங்கே இரை தேடும் வாத்தும் கொக்கும் கடற்காகமும் அந்நீரைக் குடிக்கின்றன, குப்பைமேட்டைக் கிளறுகின்றன. அவ்வாறு மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் அவற்றின் குடலில் குடியேறுகின்றன.

சைபீரியா, அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகிய வடதுருவப் பகுதிகளில் வாழும் காட்டுப் பறவைகளை அறிஞர்கள் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். மனிதர் அரிதாகவே நடமாடும் அந்நிலங்களின் பறவைகளிடமும் பல மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் இருந்தன. அப்பறவைகளுக்கு எவரும் மாத்திரை கொடுத்ததில்லை. நெடுந்தொலைவு வலசை செல்லும் பறவைகள் அவற்றைச் சுமந்து சென்றிருக்கக்கூடும்.

நம் நாட்டுக்கும் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வருகின்றன. வரித்தலை வாத்து இமயமலையைக் கடந்து பரத்பூருக்கும் சிலிகா ஏரிக்கும் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கும் வந்து சேர்கிறது. இப்பறவைகளைப் பகையாகக் கருதுவது அறியாமை. நாம் நீரில் கலந்ததையே அவை குடிக்கின்றன. குறை தீர்க்க வேண்டிய இடம் வானம் அன்று. நம் வீடும் பண்ணையும் சாக்கடையுமே.

நம் கடமை

நாடுகள் விழித்துக்கொண்டன. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலப்பதைச் சுவீடன் 1986ஆம் ஆண்டு தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முழுமையாகத் தடைசெய்தது. பிற மருந்துகள் பயன்படாதபோது மனிதருக்குத் தரப்படும் இறுதி மருந்தாகிய கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019ஆம் ஆண்டு தடைசெய்தது.

நாம் செய்யத்தக்கனவும் உள்ளன. மருத்துவர் சொல்லாமல் நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரைகளை வாங்கி உண்ணலாகாது. சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசால் வருவன. அவற்றை இம்மாத்திரைகள் தீர்ப்பதில்லை. ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்கலாகாது. மிஞ்சிய மாத்திரைகளைக் கழிநீரில் எறியலாகாது. கைகளை நன்கு கழுவுதலும் இறைச்சியை முற்ற வேகவைத்தலும் நோய் வரும்முன் காக்கும் வழிகள்.

சுப்பாராவ் புகழை நாடியவர் அல்லர். அவரது பெயரால் ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டுள்ளனர். அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. இவற்றினும் மேலாக அவருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. மண்ணிலிருந்து அரிதின் முயன்று எடுத்த மருந்து, நாளை நோயுற்றுக் கிடக்கும் ஒரு குழந்தைக்கும் பயன்படும்படி அதனை வீணாக்காது காத்தலே அது.

அருஞ்சொற்பொருள்

வேட்கை – மிகுந்த விருப்பம்
உடற்கூற்றியல் – உடலின் உறுப்புகளைப் பற்றிய கல்வி
உயிர்வேதியியல் – உயிர்களின் உடலில் நிகழும் வேதி மாற்றங்களைப் பற்றிய கல்வி
நுண்ணுயிர் எதிர்ப்பி – பாக்டீரியாவை அழிக்கும் அல்லது அதன் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து
சக்கை – சாறு எடுத்தபின் எஞ்சுவது
வலசை – பறவைகள் பருவந்தோறும் இடம்விட்டு இடம் செல்லுதல்
மீட்சி – இழந்த நல்ல நிலையை மீண்டும் அடைதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. சுப்பாராவ் பிறந்த ஊர் __________.
2. ஆரியோமைசின் __________ என்னும் மருந்தினத்தைச் சேர்ந்தது.
3. பாக்டீரியாக்கள் மருந்தெதிர்ப்புத் திறனைப் பரிமாற உதவும் மரபணு வளையம் __________.
4. வரித்தலை வாத்து __________ மலையைக் கடந்து இந்தியாவுக்கு வருகிறது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காத சூழல் யாது?
2. ஆரியோமைசின் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. தாமஸ் ஜூக்ஸ் கோழிக்குஞ்சுகளிடம் கண்டது என்ன?

இ. ஐந்தாறு தொடர்களில் விடை தருக.
1. களை பறித்தல் என்னும் உவமையால் மருந்தெதிர்ப்பை விளக்குக.
2. ஸ்டூவர்ட் லெவியின் ஆய்வு கேட்டின் வழியையும் மீட்சியின் வழியையும் எவ்வாறு காட்டியது?

ஈ. பிரித்து எழுதுக.
அவ்வூர், பொன்னிறம், கடற்காகம், தாய்மொழி

உ. எதிர்ச்சொல் எழுதுக.
வறுமை, வெற்றி, வளர்ச்சி, பகை

ஊ. சிந்தித்து எழுதுக.
வடதுருவப் பறவைகளுக்கு எவரும் மருந்து கொடுத்ததில்லை. ஆயினும் அவற்றின் உடலில் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் இருந்தன. பண்ணையிலிருந்து பறவை வரை அவை சென்றிருக்கக்கூடிய வழியைப் படம் வரைந்து, பகுதிகளுக்குத் தமிழில் பெயர் எழுதுக.

எ. செயல்திட்டம்
நீங்கள் வாழும் ஊருக்கு அருகில் உள்ள ஏரி அல்லது ஆற்றுக்குப் பெற்றோருடன் சென்று, அங்கு இரை தேடும் பறவைகளைத் தொடாமல் தொலைவிலிருந்து காண்க. அவற்றின் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக. அந்நீரில் கழிவு கலக்கும் இடம் உண்டா என்பதையும் குறித்து வகுப்பில் உரைக்க.